உஷார்! சுவரில் ஒட்டிய அந்த 680

அந்தமானில், மின்னி பே பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ப்ளஸ் டூ. படிக்கிற மேசைக்கு நேர் எதிரே ஒரு சார்ட் பேப்பர். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ‘நீட் 680’. மெயின்லேண்ட் கோச்சிங்காரர் ஒருவர் போனில் சொன்ன எண். போன வார மாதிரித் தேர்வில் வந்ததோ 420. “ராத்திரி சாப்பிடவே இல்லைண்ணா” என்று அவள் அம்மா சொன்னதும் எனக்குப் பகீரென்றது.

பெற்றோரே, உங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஓர் எண் இருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள். அது 2024-ஐப் பார்த்துப் பிறந்த எண். அந்த ஆண்டு 680-க்கு மேலேயே ஆயிரக்கணக்கானோர். திருத்திய இறுதிப் பட்டியலில்கூட 17 பேருக்கு 720-க்கு 720. மறு ஆண்டே எல்லாம் தலைகீழ். 2025 மே 4 அன்று இயற்பியல் கேள்விகள் பிள்ளைகளைப் புரட்டி எடுத்தன. நாட்டிலேயே முதலிடம் பிடித்தவருக்கு 686தான். எழுதிய 22 லட்சம் பேரில் 650-ஐத் தாண்டியவர்கள் வெறும் 73! மதிப்பெண் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். ரேங்க்தான் சீட் தரும்.

இன்னொரு குழி, பர்சன்டைல். பொதுப் பிரிவில் தகுதி பெற 50 பர்சன்டைல் என்றதும் 720-இல் பாதி, 360 என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. 2025-இல் அந்தக் கோடு 144. உடனே “அப்போ 144 போதுமே” என்று கால் நீட்டிவிடாதீர்கள். அது கவுன்சிலிங் வாசல்வரைதான் கொண்டுபோகும். போர்ட் பிளேரில் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, எனக்குத்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது) 2015-இல் 100 இடங்களோடு தொடங்கியது நம் மருத்துவக் கல்லூரி. அங்கே உங்கள் பிரிவில் கடைசி சீட் எந்த ரேங்கில் முடிந்தது என்று இரண்டு மூன்று வருஷத்துக்குத் தேடிப் பாருங்கள். கோச்சிங்காரரின் போனைவிட அதுதான் உருப்படியான தகவல்.

சரி, அந்த 420-க்கு வருவோம். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 180 கேள்வியில் 118 சரி, 52 தப்பு, 10 விட்டது. சரிக்கு நான்கு வீதம் 472, அதில் தப்புக்கு ஒன்று வீதம் 52 கழிந்து 420. அந்த 52-ஐ அவளையே ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டு கேள்விகள் அவளுக்கு நன்றாகவே தெரிந்தவை. ‘தவறானது எது’ என்று கேட்டதைச் ‘சரியானது எது’ என்று படித்திருக்கிறாள். இரண்டு இடத்தில் சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்திருக்கிறாள். ஒரு தப்பு சரியானால் போன ஒன்றும் திரும்பும், நான்கும் சேரும். ஆக ஐந்து. பன்னிரண்டுக்கு அறுபது. புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல் 480!

சார்ட் பேப்பரைத் திருப்பி ஒட்டினாள். பின்பக்கத்தில் ‘480’ என்று எழுதினாள். பென்சிலில்தான், அடுத்த டெஸ்ட் முடிந்ததும் அழிக்க வேண்டுமாம்.