கடலாமைப் பொரிப்பகங்களில் வெப்பமும் ஒளியும்

கடலாமைப் பொரிப்பகம் என்பது, கடற்கரையில் ஆமைகள் இட்ட முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட மணற்பரப்பில் புதைத்துப் பாதுகாக்கும் இடமாகும். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் வனச்சரகத்தினர், தனுஷ்கோடியின் அரிச்சல்முனை, கம்பிப்பாடு, முகுந்தராயர் சத்திரம் ஆகிய கரைகளில் பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்து இவ்வாறு காக்கின்றனர். இங்கு முட்டையிடும் பருவம் பெரும்பாலும் சனவரி முதல் ஏப்ரல் வரை ஆகும். கடலாமைகள் 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

நாய், நரி, மனிதர் ஆகியோரிடமிருந்து முட்டைகளைக் காப்பது பொரிப்பகத்தின் முதல் பணி. ஆனால் முட்டைகள் இடம் மாறும்போது, தாய் ஆமை தேர்ந்தெடுத்த மணலின் வெப்பமும் மாறிவிடுகிறது. எனவே வெப்பத்தையும் ஒளியையும் முறைப்படுத்தும் பொறுப்பு பொரிப்பகத்தைச் சேர்கிறது.

வெப்பமும் பாலினமும்

கடலாமையின் பாலினத்தை முட்டை இருக்கும் மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் நிலவும் வெப்பமே இதில் முதன்மையானது. பங்குனி ஆமையில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ சம அளவில் தோன்றும் வெப்பநிலை, இடத்திற்கு இடம் சற்று மாறினாலும், பொதுவாக 29 முதல் 31 பாகை செல்சியசுக்குள் அமைகிறது. அதற்குக் கீழே ஆண்களும், மேலே பெண்களும் மிகுதியாகத் தோன்றும். 35 பாகையைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் கருக்கள் இறக்கும்.

வெளிநாடுகளில் கண்ணாடிக் கூண்டுகளில் வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லியிலும் இந்தப் பண்பு உண்டு. அதன் முட்டைகளை 26 பாகையில் வைத்தால் பெரும்பாலும் பெண்களும், 32 பாகையை ஒட்டி வைத்தால் பெரும்பாலும் ஆண்களும், 34 பாகைக்கு மேல் மீண்டும் பெண்களும் தோன்றுகின்றன. பல்லி வளர்ப்பவர் வெப்பச்சீராக்கியைக் கொண்டு இதைத் திட்டமிட முடியும். திறந்த கடற்கரையிலோ நிழல், குழியின் ஆழம், ஈரப்பதம் ஆகியவையே கருவிகள்.

எண்ணிக்கை காட்டாத குறை

பொரித்த குஞ்சின் பாலினத்தை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது. ஆயிரம் குஞ்சுகள் கடலில் விடப்பட்டாலும், அவற்றில் ஆண்கள் எத்தனை என்பது அந்தக் கணக்கில் தெரியாது. பங்குனி ஆமை இனப்பெருக்க வயதை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், பிழை வெளிப்படும் முன் பல பருவங்கள் கடந்துவிடும். ஆத்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வடபகுதியில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வு, இளம் ஆமைகளில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை பெண்கள் எனக் கண்டது.

எனவே முட்டைகள் இருக்கும் ஆழத்தில் வெப்பநிலையைப் பதிவு செய்வது இன்றியமையாதது. குஞ்சுகளுக்குத் தீங்கின்றிப் பாலின விகிதத்தை மதிப்பிட இதுவே எளிய வழி.

பொரிப்பக நடைமுறைகள்

* முட்டைகளை இட்ட சில மணி நேரத்திற்குள், உருட்டாமலும் குலுக்காமலும் இடம் மாற்ற வேண்டும். பின்னர் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், முட்டை புரண்டால் கரு இறக்கக்கூடும்.
* இயற்கைக் குழியின் ஆழத்தையும் குடுவை வடிவத்தையும் பின்பற்ற வேண்டும். ஆழம் குறைந்தால் மணலின் வெப்பம் கூடும்.
* வளரும் கருக்களும் வெப்பத்தை வெளியிடுவதால் குழிகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி தேவை.
* கோடை நெருங்கும்போது தென்னங்கீற்று அல்லது நிழல்வலைப் பந்தல் மணலின் சூட்டைத் தணிக்கும். ஆனால் பருவம் முழுவதும் அடர்ந்த நிழல் தருவது, ஆண்களை மட்டுமே மிகுவிக்கக்கூடும்.
* பருவத் தொடக்கத்தின் குளிர்ந்த மணலில் ஆண்களும், இறுதியில் பெண்களும் தோன்றும் வாய்ப்பு அதிகம். ஆகவே பருவம் முழுவதிலும் முட்டைகளைக் காப்பது நல்லது.

ஒளியின் பங்கு

முட்டை பொரிய ஒளி தேவையில்லை. அடைகாலமான 45 முதல் 60 நாட்களும் இருளிலேயே கழிகின்றன. மேல்மணல் குளிரும் இரவு நேரத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. பின்னர் அவை தாழ்வான, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகர்கின்றன. இயற்கையான கரையில் அது கடலின் திசையாகும். சாலை விளக்கு, விடுதி விளக்கு, வாகன முகப்பு விளக்கு ஆகியவை இருந்தால் குஞ்சுகள் நிலத்தை நோக்கித் திரும்பிவிடும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் நெடுங்காலம் இருளே நிலவியது. 2017 இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின் அங்கு பயணிகள் வரத்து பெருகியுள்ளதால், கரையின் இருளைக் காப்பதும் பாதுகாப்புப் பணியின் பகுதியாகிறது.

பணியாளர்களுக்கு வெளிச்சம் தேவைப்பட்டால், மங்கலான சிவப்பு விளக்கைத் தாழ்வாகப் பிடிப்பது தீங்கைக் குறைக்கும். ஒளிப்படக் கருவியின் மின்னொளியைத் தவிர்க்க வேண்டும். வெளிவந்த குஞ்சுகளைப் பார்வையாளர்களுக்காக வாளிகளில் காக்க வைத்தால், கடலில் நீந்துவதற்கான ஆற்றல் வீணாகும். இரவிலோ விடியலுக்கு முன்போ, நீர்விளிம்பிலிருந்து சற்றுத் தொலைவில் விட்டு, அவை தாமாகவே தவழ்ந்து கடலை அடையச் செய்வதே சரியான முறையாகும்.