வாயில்லாச் சீவன்களின் வைத்தியர்

நெசவாளியின் இல்லத்தில் தறிக்கு அடுத்தபடியாகவும், விவசாயியின் இல்லத்தில் நிலத்திற்கு அடுத்தபடியாகவும் மதிக்கத்தக்க சொத்து கால்நடையே ஆகும். தறி பழுதுற்றால் செப்பனிடலாம். மழை பொய்த்தால் அடுத்த பருவத்தை எதிர்நோக்கலாம். கடன் பெற்று வாங்கிய கறவை மாடு இறந்துபட்டாலோ மாடு போய்விடுகிறது. கடன் மட்டும் நிற்கிறது. இவ்விழப்பைத் தடுப்பதே கால்நடை மருத்துவரின் தொழில். அதனைப் பற்றி அங்கத்தினர்கள் அறிய வேண்டுவன சிலவற்றை இங்குக் கூற விழைகிறோம்.

மனிதன் தன் நோவை வாய்விட்டுச் சொல்வான், பசு சொல்லாது. ஆதலின் மருத்துவர் தம் கண்ணையும் கையையும் கொண்டே நோயை அறிய வேண்டியவராகிறார். அசைபோடுதல் நின்றதா, மூக்கு நுனி காய்ந்ததா, சாணம் எத்தன்மையது, உடல் வெப்பம் பசுவிற்கு இயல்பான 101, 102 டிகிரி அளவைக் கடந்ததா என ஒவ்வொன்றாக ஆராய்கிறார். பின்னர், "தீவனம் தின்ன மறுத்தது எப்போது?" என்று உடையவரைக் கேட்கிறார். அதற்கு உண்மையான விடை கிடைப்பின் சிகிச்சையில் பாதி முடிந்தது எனலாம்.

எனினும் வந்த நோயைத் தீர்ப்பதினும் வருமுன் காப்பதே இத்தொழிலின் பெருஞ்சிறப்பு. மந்தை மந்தையாக மாடுகளை மடியச் செய்த வெக்கை நோயை நம் முதியோர் அறிவர். அதனை ஒழிக்க 1954-ஆம் ஆண்டில் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1995-க்குப் பின் அந்நோய் இந்தியாவில் தோன்றவில்லை. 2011-ல் உலகிலிருந்தே அது நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகினின்றும் ஒழிக்கப்பெற்ற நோய் இதுவே.

கால்நடை மருத்துவர் நம் உயிரையும் காக்கிறார். மாடு திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி வடியுமாயின் அடைப்பான் நோய் என ஐயுற வேண்டும். அச்சடலத்தை அறுத்தலும், தோலுரித்தலும், இறைச்சியைப் பங்கிடுதலும் கூடா. காற்றுப் பட்டால் அக்கிருமிகள் வித்துருக் கொண்டு மண்ணில் பல்லாண்டுகள் உயிர் தரிக்கும், மனிதரையும் பற்றும். மருத்துவர் சடலத்தைத் திறவாமல், காதிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து நுண்பெருக்கியில் கண்டு நோயைத் துணிகிறார்.

இக்கல்விக்குச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தோன்றியது. 1936-ல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப்படிப்பைத் தந்தது. கால்நடை மருத்துவத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1989-ல் அமைந்தது. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல், இயற்பியல், வேதியியல் பயின்ற மாணவரும் மாணவியரும் இதில் சேர முயலலாம். பயிற்சிக் காலத்தையும் சேர்த்துப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். தேர்ந்தோருக்கு அரசு மருந்தகங்கள், பால் கூட்டுறவு ஒன்றியங்கள், கோழிப் பண்ணைகள், இராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் போன்ற இடங்களில் பணியுண்டு.

இது எளிய உத்தியோகம் அன்று. கன்று குறுக்கிட்டு ஈன மாட்டாத பசுவிற்காக நள்ளிரவில் எழ வேண்டும். சேற்றிலும் சாணத்திலும் மண்டியிட வேண்டும். அருவருப்பின்மையும் பொறுமையும் இரக்கமும் உடையோர்க்கே இது ஏற்றது.

அவர் கற்ற கல்வி பயன்படுதல் நம் கையில் உள்ளது. முதலில் சூட்டுக்கோல், பின்னர் மந்திரம், இறுதியில் மருத்துவர் என்னும் வழக்கத்தால் பிழைக்கத்தக்க மாடுகளும் மடிகின்றன. தீவனம் மறுத்த அன்றே மருந்தகத்திற்குச் சொல்லியனுப்புக. கோமாரித் தடுப்பூசியை ஆறு திங்களுக்கு ஒரு முறை தவறாது போடுவிக்க. ஒருவர் தொழுவில் ஒளித்த நோய் ஊர்த் தொழுவங்கள் அனைத்திற்கும் பரவும். கூட்டுறவின் நெறி இதிலும் செல்லும் அன்றோ? கன்றின் காய்ச்சலைக் கண்டு உறங்காதிருக்கும் மகனோ மகளோ உங்கள் இல்லத்தில் இருப்பின், அப்பிள்ளையை இக்கல்விக்கு அனுப்ப எண்ணுமாறு வேண்டுகிறோம்.