காயம் இருக்கிறது, காகிதம் எங்கே?

காலிலே குண்டு பாய்ந்த தழும்பு. குளிர் வந்தால் அந்த இடம் இன்னும் குத்துகிறது. "யுத்தத்தில் பட்ட காயம் ஐயா இது. எனக்குச் சேரவேண்டிய பதக்கத்தைக் கொடுங்கள்" என்று கிழவர் மனுப் போடுகிறார்.

"தழும்பு சரி. அது எதிரியின் குண்டுதான் என்பதற்கு ரிக்கார்டு எங்கே?" என்று பட்டாளத்து ஆபீஸ் திருப்பிக் கேட்கிறது.

அமெரிக்காவில் இப்படி மனுப் போட்ட பழைய சிப்பாய்கள் ஏராளம். சிலருக்கு 50 வருஷம் கழித்துப் பதக்கம் வந்தது. சிலர் அதைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

அவர்கள் கேட்கும் பதக்கத்தின் பெயர் "பர்ப்பிள் ஹார்ட்". ஊதா நிற இதயம் என்று அர்த்தம். பதக்கம் இதய வடிவத்தில் இருக்கும். நடுவிலே ஜார்ஜ் வாஷிங்டனின் உருவம். ஊதா நாடாவில் தொங்கும்.

வீரப் பதக்கம் வேண்டுமானால் மேலதிகாரி சிபாரிசு செய்யவேண்டும். இதற்குச் சிபாரிசு வேண்டாம். எதிரியால் காயம் பட்டிருக்க வேண்டும். டாக்டர் சிகிச்சை தேவைப்பட்ட காயமாக இருக்கவேண்டும். அது ரிக்கார்டில் ஏறியிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் பதக்கம் அவருடைய உரிமை. போர்முனையில் பனியிலே நின்று கால்விரல் போனாலும் இன்றைய விதிப்படி கிடையாது. பனி எதிரி அல்லவே!

துணியில் ஓர் இதயம்

இந்தப் பதக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1782-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி வாஷிங்டன் ஓர் உத்தரவு போட்டார். அப்போது அவர் ஜனாதிபதி அல்ல, சேனாதிபதி. நன்றாகச் சண்டை போட்ட சாதாரணச் சிப்பாய்கள், ஊதாத் துணியில் செய்த இதயத்தைச் சட்டையில் அணிந்துகொள்ளலாம் என்பது உத்தரவு. பெற்றவர்கள் என்று தெரிந்தது 3 பேர்தான். பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

150 வருஷம் கழித்து, 1932-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி, வாஷிங்டனின் 200-வது பிறந்த நாள் அன்று, அதற்கு மறுபடியும் உயிர் வந்தது. அப்போது ராணுவத் தலைவராக இருந்தவர் மக்ஆர்தர். முதலாவது உலக யுத்தத்தில் காயம் பட்டு உயிரோடு இருந்தவர்கள் மனுப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

உயிரோடு இருந்தவர்கள்! இந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

உடம்பில் 21 காயம்

ஹென்றி ஜான்சன் ஒரு கறுப்பர். நியூயார்க் மாகாணத்தில் ஆல்பனி ரயில்வே ஸ்டேஷனில் போர்ட்டராக மூட்டை தூக்கியவர். குள்ளமான ஆள். 1917-ல் பட்டாளத்தில் சேர்ந்தார்.

கறுப்பர்களின் படைப்பிரிவைத் தங்களோடு சேர்த்துச் சண்டைக்கு அனுப்ப அமெரிக்கத் தளபதிகளுக்கு மனம் இல்லை. பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

1918-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி இரவு. பிரான்சில் ஆர்கான் காட்டு ஓரம். ஜான்சனும், நீடம் ராபர்ட்ஸ் என்ற இன்னொரு சிப்பாயும் காவலுக்கு நின்றார்கள். நள்ளிரவு தாண்டி, விடிவதற்கு முன் ஜெர்மானியர் கூட்டம் பாய்ந்தது. குறைந்தது 12 பேர்.

ராபர்ட்ஸ் பலமாக அடிபட்டு விழுந்தார். ஜான்சன் கையெறி குண்டுகளை வீசினார். குண்டு தீர்ந்தது. துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். அது மக்கர் செய்தது. துப்பாக்கிக் கட்டையால் அடித்தார். அதற்குள் சில எதிரிகள் ராபர்ட்சை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். ஜான்சன் இடுப்பில் இருந்த போலோ கத்தியை உருவினார். அது நம் ஊர் அரிவாளுக்குத் தம்பி போன்றது. அவர் பாய்ந்த பாய்ச்சலில் எதிரிகள் நண்பரை விட்டுவிட்டு ஓடினார்கள்.

ஜான்சன் உடம்பில் 21 காயம் என்றார்கள். பிரான்சு சர்க்கார் தனது "போர்ச் சிலுவை" பதக்கத்தை இருவருக்கும் அளித்தது. 1919-ம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் வீதியில் அந்தப் படைப்பிரிவு ஊர்வலம் வந்தபோது ஜான்சன் திறந்த காரில் நின்றுகொண்டு வந்தார். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

சொந்த நாட்டு சர்க்கார் ஒரு பதக்கமும் கொடுக்கவில்லை. 1929-ல் அவர் இறந்தார். ஊதா இதயம் திரும்பி வந்தது 1932-ல். மூன்றே வருஷ வித்தியாசம்!

பிறகு ஆல்பனி ஊர்க்காரர்களும் பழைய சிப்பாய்களும் அவருக்காக மனுமேல் மனுப் போட்டார்கள். 1996-ல் ஊதா இதயம் கிடைத்தது. மிகப் பெரிய வீரப் பதக்கமான "மெடல் ஆப் ஹானர்" வேண்டும் என்று கேட்டபோது, ஆதாரம் போதாது என்று பதில் வந்தது. அவர்கள் விடவில்லை. பழைய காகிதங்களைக் கிளறியபோது, சேனாதிபதி பெர்ஷிங் 1918 மே மாதத்திலேயே ஜான்சனைப் புகழ்ந்து எழுதிய குறிப்பு ஒன்று அகப்பட்டது. 2011-ல் சுமார் 1,300 பக்க மனு போயிற்று. 2015-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா அந்தப் பதக்கத்தை வழங்கினார். வாங்கிக்கொள்ளச் சொந்தக்காரர் யாரும் இல்லை. நியூயார்க் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு சார்ஜன்ட் வாங்கிக்கொண்டார்.

பதக்கத்துக்குப் பஞ்சம் இல்லை

1945-ல் ஜப்பான் மீது படையெடுக்க அமெரிக்கா ஏற்பாடு செய்தது. லட்சக்கணக்கானவர்கள் காயம் படுவார்கள் என்று கணக்குப் போட்டு, ஊதா இதயங்களைச் செய்து குவித்தார்கள். ஜப்பான் சரணடைந்தது. படையெடுப்பு நடக்கவில்லை. சுமார் 5 லட்சம் பதக்கங்கள் மிஞ்சிவிட்டன. கொரியா யுத்தத்திலும் வியட்நாம் யுத்தத்திலும் அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

பதக்கத்துக்குப் பஞ்சம் இல்லை. காகிதத்துக்குத்தான் பஞ்சம். அதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு.

1973-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி. செயின்ட் லூயிஸ் நகரின் அருகே, பழைய சிப்பாய்களின் ரிக்கார்டுகளை வைத்திருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. ஆறாவது மாடி பற்றி எரிந்தது. முழுவதும் அணைக்க நாலு நாள் ஆயிற்று. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் ரிக்கார்டுகள் வரை சாம்பலாயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் ரிக்கார்டுகளில் நூற்றுக்கு 80 போயிற்று. நகல் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை.

இரண்டு உலக யுத்தங்களிலும் கொரியாவிலும் அடிபட்டவர்களின் கதை அதிலே இருந்தது. தீப்பிடித்தது சர்க்கார் கட்டடம். ஆதாரம் கொண்டுவரவேண்டியவர் கிழவர்!

அவர் என்ன செய்வார்? கூட இருந்த சிப்பாய்களைத் தேடிப் பிடிப்பார். "நான் பார்த்தேன்" என்று எழுதி வாங்குவார். அவர்களுக்கும் வயதாகிவிட்டது; பலர் இல்லை. முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதிய பழைய கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுப்பார். 1988-ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. பழைய யுத்த ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களைப் பற்றிய சுமார் 1 கோடி குறிப்புகள் ரிக்கார்டு ஆபீசுக்குக் கிடைத்தன. அதிலே தம் காயத்தைக் கண்டவர்கள் பாக்கியசாலிகள்.

ஆபீஸ் முடியாது என்று சொன்னால், ரிக்கார்டுகளைத் திருத்தும் போர்டுக்கு அப்பீல் செய்யலாம். மூன்று வருஷக் கெடு உண்டு. நியாயம் என்று தோன்றினால் போர்டே கெடுவைத் தள்ளிவைக்கும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் கிழவர்களுக்குக் கதி இல்லை.

பணத்துக்காகவா இவ்வளவு அலைச்சல்? இந்தப் பதக்கத்துக்கு என்று தனியாக உதவித்தொகை கிடையாது. பழைய சிப்பாய்களின் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் முன்னுரிமை உண்டு.

கண்ணுக்குத் தெரியாத காயம்

காகிதம் இருந்தும் கிடைக்காதவர்கள் உண்டு. 2009-ல் டெக்சாஸ் மாகாணத்தில் போர்ட் ஹூட் முகாமில் ஓர் ராணுவ அதிகாரியே சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். 30 பேருக்கு மேல் காயம். "சுட்டவன் வெளிநாட்டு எதிரி அல்ல" என்று பதக்கம் மறுத்தார்கள். பார்லிமெண்டில் சட்டம் திருத்திய பிறகு 2015 ஏப்ரலில் கொடுத்தார்கள்.

இப்போது வருவது வேறு விதமான காயம். பக்கத்தில் குண்டு வெடிக்கிறது. தோலில் கீறல் இல்லை, மூளை குலுங்கிவிடுகிறது. தலைவலி, மறதி, தூக்கமின்மை. 2020-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி ஈராக்கில் அல் அசாத் விமானத் தளத்தின்மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. "நம்மவர் யாருக்கும் காயம் இல்லை" என்று அன்று அறிவித்தார்கள். பிறகு டாக்டர்கள் பார்த்தபோது, 100-க்கு மேற்பட்டவர்களுக்கு மூளையில் அடி என்று தெரிந்தது. முதலில் 29 பேருக்குத்தான் ஊதா இதயம் கிடைத்தது. மற்றவர்கள் மறுபடியும் காகிதங்களைத் திரட்டினார்கள். 2021 டிசம்பரில் இன்னும் 39 பேருக்கு அனுமதி வந்தது.