கீரிமலையில் ஒரு வர்க்கமூலம்

ஆடியமாவாசையன்று கீரிமலைக் கேணியில் நீராடிப் பிதிர்க்கடன் முடித்தோர் வடக்கே நோக்கினால், பாக்கு நீரிணையும் வானமும் ஒரு கோட்டிற் கூடுவதைக் காண்பர். அக்கோடு எவ்வளவு தூரத்தில் உள்ளது? பள்ளிப் பிள்ளைகளின் அட்சரகணிதக் கொப்பியிலேயே இதற்கு விடையுண்டு.

பூமியின் நடுவிலிருந்து நம் கண்ணுக்கும் அடிவானத்துக்கும் இரு கோடுகள் வரைவோம். கண்ணையும் அடிவானத்தையும் மூன்றாவது கோட்டால் இணைப்போம். பார்வை பூமியைத் தொட்டுச் செல்வதால் அங்கே செங்கோணம் அமைகின்றது. பூமியின் ஆரை ஆ, கடல் மட்டத்துக்கு மேல் கண்ணின் உயரம் உ எனக் கொண்டால், செம்பக்கம் ஆ + உ ஆகும். பைதகரசின் தேற்றப்படி,

தூரம் = √[(ஆ + உ)² − ஆ²]

மாணாக்கர் பலர் வழுக்கி விழும் இடம் இதுவே. வர்க்கத்தை வர்க்கமூலம் அழித்துவிடும் என்றெண்ணி, (ஆ + உ) − ஆ = உ என்று எழுதிவிடுவர். அப்படியாயின், கண் 2 மீற்றர் உயரத்தில் இருக்க, அடிவானமும் 2 மீற்றர் தூரத்திலேயே இருக்கும்! கேணிப்படியில் நிற்பவர் ஓரடி வைத்துக் கைநீட்டினால் வானத்தையே தொட்டுவிடலாம் போலும். வர்க்கமூலம் பெருக்கலிலும் வகுத்தலிலும் பிரிந்து செல்லும்; கூட்டலிலும் கழித்தலிலும் பிரியாது. √(9 + 16) என்பது 5. 3 + 4 அன்று.

முறையாக விரிப்போம். (ஆ + உ)² என்பது ஆ² + 2ஆஉ + உ². ஆ² கழிய, 2ஆஉ + உ² எஞ்சும். ஆ 6,371 கிலோமீற்றர், உ 0.002 கிலோமீற்றர். ஆகவே 2ஆஉ 25.484 ஆகும், உ² வெறும் 0.000004. இதனை விட்டுவிடுதலாற் குற்றமில்லை. 25.484இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5; அடிவானம் 5 கிலோமீற்றரில் உள்ளது. (காற்று ஒளியைச் சற்றே வளைப்பதால் இன்னும் சிறிது அப்பாலும் தெரியும்.) உயரத்தை மீற்றரில் கொண்டால், கோவை முழுவதும் 3.57√உ கிலோமீற்றர் என்று சுருங்கிவிடும்.

உயரம் நான்கு மடங்கானால் தூரம் இரு மடங்கே ஆகும். தமிழ்நாட்டுக் கோடிக்கரை இங்கிருந்து 50 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. அதன் கரைமணலைக் காண 200 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். பெயரில் மலை இருந்தும் கீரிமலையில் அத்தகைய மேடு இல்லை. 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி என்னும் அறிஞருக்கு, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே மலை வாய்த்தது. மலையின் உயரத்தையும், அடிவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தையும் அளந்து, இதே முக்கோணியிலிருந்து பூமியின் ஆரையையே கணித்தார்.

நம்மிடம் இருப்பவை பனைகள். கடலோரத்தில் 16 மீற்றர்ப் பனையேறி ஓலை வெட்டுபவருக்கு அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்பதைப் பிள்ளைகள் தாளிற் போட்டுப் பார்க்கட்டும்.