பச்சையாகத் தெரிவதெல்லாம் காடா?

வௌவால் என்றதும் பலருக்குப் பேய்ப்படம் நினைவுக்கு வரும். உயிரியல் மாணவனான எனக்கு நினைவுக்கு வருவது டுரியான்! மாலையில் மலரும் டுரியான் பூக்களைத் தேடிக் குகைகளிலிருந்து வௌவால்கள் வருகின்றன. அவை தேன் குடிக்கும்போது மகரந்தச் சேர்க்கையும் நடந்துவிடுகிறது.

ஆனால், எல்லா வௌவால்களும் குகைவாசிகள் அல்ல. பகாங்கின் கிராவ் வனவிலங்குக் காப்பகத்தில் மட்டும் ஏறத்தாழ 70 இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பல, அடர்ந்த காட்டுக்குள்ளேயே இரை தேடும் சிறிய பூச்சியுண்ணிகள். முதிய மரங்களின் பொந்துகளில் தங்குபவையும் அவற்றில் உண்டு. இலைகளுக்கிடையே மெதுவாகப் பறந்து, மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஒலியெழுப்பி, எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டுபிடிக்கின்றன. அந்த ஒலி வெகுதூரம் செல்லாது. அதனால் திறந்தவெளி அவற்றுக்கு ஒத்துவராது.

சாதாரண வலையை இவை எளிதில் உணர்ந்து விலகிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் ‘ஹார்ப்’ பொறியைப் பயன்படுத்துகின்றனர். ஒரு சட்டத்தில், யாழின் நரம்புகளைப்போல் மெல்லிய தூண்டிலிழைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அதில் மோதும் வௌவால் கீழேயுள்ள பைக்குள் சரிந்து விழும். அளவெடுத்தபின் பறக்க விட்டுவிடுவார்கள்.

சபாவில் மரம் வெட்டப்பட்ட காடுகளிலும் வௌவால் ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவு என்னைச் சிந்திக்க வைத்தது. பலமுறை மரம் வெட்டப்பட்ட காட்டிலும் பெரும்பாலான இனங்கள் தாக்குப்பிடித்திருந்தன. ஆனால், மரப்பொந்துகளில் தங்கும் வௌவால்கள் குறைந்திருந்தன. முதிய மரங்கள் சாயும்போது அவற்றின் வீடும் போய்விடுகிறது. இன்று நடும் கன்றில் பொந்து உருவாக நம் ஆயுள் போதாது.

இதிலிருந்து நான் கற்றவை இரண்டு. “ஏற்கெனவே வெட்டிய காடுதானே” என்று அதை அழித்துச் செம்பனை நடக்கூடாது. காட்டுக்குள் வாழப் பழகிய வௌவால்களில் மிகச் சிலவே செம்பனைத் தோட்டத்தில் பிழைக்கும். அடுத்து, மரம் வெட்டும்போது பொந்துள்ள முதிய மரங்களை விட்டுவைக்க வேண்டும். அவற்றில் நல்ல பலகை அதிகம் கிடைக்காது. வௌவாலுக்கோ அது அடுக்குமாடி வீடு.

நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் காடும் பச்சை, வெட்டிய காடும் பச்சை, செம்பனையும் பச்சைதான். ‘மலேசியாவில் காட்டுப்பரப்பு எவ்வளவு?’ என்று பாடத்தில் படிக்கும் நாம், அந்தக் காட்டில் எத்தனை முதிய மரங்கள் நிற்கின்றன என்றும் கேட்கப் பழகுவோம்.