மெல்போர்ன் வானத்தில் அருந்ததி இல்லை

மெல்போர்னில் நடக்கும் நம்ம ஊர்க் கல்யாணங்களில் ஐயர் பொண்ணு மாப்பிள்ளையை மண்டப வாசலுக்கு அழைத்துப் போய் அருந்ததி காட்டுவார். பட்டப்பகலில் நட்சத்திரம் எப்படித் தெரியும் என்ற பழைய கேள்வி ஒருபக்கம் இருக்கட்டும். இந்த ஊரில் அது ராத்திரியிலும் தெரியாது. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன நட்சத்திரம் வடக்கு வானத்துக்காரி. மெல்போர்ன் பூமத்திய ரேகைக்கு 38 டிகிரி தெற்கே இருப்பதால் அவள் இங்கே உதிப்பதே இல்லை. துருவ நட்சத்திரமும் அப்படித்தான். சடங்கை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. நம்மோடு வராமல் ஊரிலேயே தங்கிவிட்டவர்களில் சில நட்சத்திரங்களும் உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லலாமே என்கிறேன்.

இதையெல்லாம் நான் இன்ஜினியரிங் காலேஜில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பா அரசு பஸ் கண்டக்டர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூருக்குப் போகும் ரூட்டில் பல வருஷம் ஓடினார். காவலூர் என்றால் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. அந்த இடம் வடக்கே 12.5 டிகிரியில் இருப்பதால் தெற்கு வானத்தையும் நிறையப் பார்க்கலாம். இத்தனைக்கும் மூலகாரணமான பாப்பு 1982-லேயே இறந்துபோனார். அந்தப் பெரிய தொலைநோக்கியில் ஒருநாள்கூட அவர் பார்க்கவில்லை. 1988-ல் அதே மலையிலிருந்து கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். பஸ்ஸில் வந்துபோகும் ஆய்வக ஊழியர்கள் சொன்னதை அப்பா டிக்கெட் கிழிக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பாட்டில் எங்களுக்குச் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். பொதுமக்களுக்காக வைத்திருந்த சின்னத் தொலைநோக்கியில் சனியின் வளையம் தெரிந்தது. "உள்ளே ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்காங்களாப்பா?" என்று கேட்டேனாம்.

1997-ல் ஹேல்-பாப் வால் நட்சத்திரம் வந்தபோது எனக்கு ஏழு வயசு. மொட்டை மாடியில் ஆயா, "வால் நட்சத்திரம் வந்தா ராஜாவுக்கு ஆகாதுடா" என்று புலம்ப, அப்பா, "நம்மளது கண்டக்டர் வீடும்மா, நமக்கென்ன" என்றார். ஆனால் ஆயாவிடமும் சரக்கு இருந்தது. அறுமீனைக் காட்டி மணி சொல்வார். தெற்கே மின்னுவதை அகத்தியர் என்று கும்பிடுவார். சித்திரை மாதத்தில் கரண்ட் போன ராத்திரிகளில் மலைக்கு மேலே தாழ்வாகத் தென்சிலுவை எட்டிப் பார்க்கும். அதே சிலுவை இங்கே கிட்டத்தட்ட தலைக்கு மேல் வருகிறது, மறைவதே இல்லை.

என் மகளுக்கும் ஏழு வயது. தமிழ் புரியும், பேச வராது. வாட்ஸ்அப்பில் தாத்தா, "சாப்ட்டியா கண்ணு?" என்பார். "ம்." "ஸ்கூலுக்குப் போனியா?" "ம்." அதோடு போன் என் கைக்கு வந்துவிடும். இங்கே எத்தனை வீட்டில் இதே கதை என்று உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் அப்பா மூணு மாச விசாவில் வந்தார். முதல் வாரமே கொல்லைப்புறத்தில் நின்று, "என்னடா, மிருகசீரிடம் தலைகீழா தொங்குது!" என்றார். மகள் பார்த்துவிட்டு, "நோ தாத்தா, அது சாஸ்பேன்" என்றாள். இந்த ஊர் ஆட்கள் அந்த மூன்று நட்சத்திரத்தையும் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து, பிடி வைத்த பாத்திரமாகத்தான் பார்க்கிறார்கள். அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஆமாம்மா, கைப்பிடிகூட இருக்குது."

ஏப்ரல் லீவில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, டிரெல் ஏரிக்குப் போனோம். நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். சுற்றிலும் வெளிச்சமே இல்லாத உப்பு ஏரி. அந்தப் பகுதியின் போரோங் மக்கள் வானத்தைப் பற்றிச் சொன்னதை 1857-ல் வில்லியம் ஸ்டான்பிரிட்ஜ் எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் நட்சத்திரங்களை மட்டும் பார்க்கவில்லை, நடுவில் இருக்கும் இருட்டையும் பார்த்தார்கள். தென்சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கும் கரும்புள்ளி அவர்களுக்கு ஈமு பறவை. நம்ம அகத்தியர் அவர்களுக்குக் காகம், முதன்முதலில் நெருப்பைக் கொண்டுவந்தவர். இதை அப்பாவிடம் சொன்னதும், "காக்காவும் நமக்குப் பெரியவங்கதானே, தப்பில்லை" என்றார். மகளுக்கு அது புரியவில்லை. அமாவாசைக்குக் காக்கைக்கு ஏன் சோறு வைக்கிறோம் என்பதில் ஆரம்பித்து, ஆயாவின் கதை முழுக்கத் தமிழிலேயே ஓடியது. அரை மணி நேரம். நான் குறுக்கே மொழிபெயர்க்கவே இல்லை.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதற்கும் அனுப்புகிறேன். ஆனால் அங்கே நட்சத்திரம் என்பது செய்யுளில் வரும் ஒரு சொல். வீட்டில் அது ராசிபலன். தாத்தா பாட்டி விசாவில் வந்தால் ஷாப்பிங் சென்டரும் கோயிலும் சுற்றிக் காட்டுகிறோம். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அவர்கள் நமக்குக் காட்ட ஒரு ராத்திரியாவது கொடுக்கிறோமா? டெலஸ்கோப்பெல்லாம் வேண்டாம். ஒரு பாய், ஸ்வெட்டர், ஃபிளாஸ்க்கில் டீ போதும்.

டிசம்பரில் மகளே போனை வாங்கி, "தாத்தா, சாஸ்பேன் வந்திடுச்சு" என்றாள். இங்கே ராத்திரி ஒன்பதரை, ஊரில் சாயங்காலம் நாலு மணி. "எனக்கு வர இன்னும் நாலு மணி நேரம் ஆகும்மா. புது எல்இடி லைட்டுல தெரியுமான்னு பார்க்கிறேன்" என்றார். கண்புரை ஆபரேஷன் ஆன கண். எட்டு மணிக்கு, "மூணும் தெரியுது" என்று மெசேஜ் வந்தது. அதற்குள் அவள் தூங்கியிருந்தாள். காலையில் காட்டினேன்.

2028 ஜூலை 22 அன்று ஆஸ்திரேலியாவில் முழு சூரிய கிரகணம். சிட்னி நகரமே நிழலுக்குள் போகிறது, ஏறக்குறைய 4 நிமிடம். அப்பா முழு கிரகணம் பார்த்ததே இல்லை. அப்போது அவருக்கு 70 வயது ஆகியிருக்கும். விசாவுக்கு எந்த மாசம் போடணும் என்று இப்போதே இரண்டு தடவை கேட்டுவிட்டார்.