ஆற்றில் கிடைத்த பித்தளை வில்லை

"அண்ணாச்சி, இது என்ன விலைக்குப் போகும்?" களக்காட்டுப் பக்கம் பச்சையாற்றில் குளிக்கும்போது காலில் தட்டுப்பட்டது என்று பித்தளைத் தகட்டை நீட்டுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் விலையைக் கடைசியில்தான் சொல்ல முடியும். அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை, டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், புளியையும் சாம்பலையும் தள்ளி வையுங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளியின் அமிலம் மேல்பரப்பிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்தால், தகடு செம்பு நிறமாகத் திட்டுத்திட்டாகிவிடும். பல காலம் தண்ணீரில் கிடந்து படிந்த பழுப்புப் படலம் உலோகத்துக்குக் காவல், பழமைக்கும் சாட்சி. அதைத் தேய்த்து எடுத்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் சேற்றை மட்டும் விலக்கி, நிழலில் உலர்த்துங்கள். துடைக்கத் துடைக்க வெளிர்பச்சைத் தூள் கிளம்பினால் உள்ளே அரிப்பு நடக்கிறது என்று பொருள். ஈரம் படாமல் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, படிப்பது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். உள்ளங்கை அகலத்தில், பின்புறம் வார் கோக்க வளையமோ பட்டையோ இருந்தால் அது பெரும்பாலும் டவாலி வில்லை. கலெக்டர் கச்சேரி, கோர்ட் சேவகர்கள் தோள்வாரிலோ இடுப்புவாரிலோ அணிந்தது. ஓலை கொண்டு வந்தவன் இன்ன கச்சேரி ஆள் என்பதற்கு அந்த வில்லைதான் அத்தாட்சி.

காலத்தைச் சொல்ல அதிலேயே குறிப்புகள் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் இருந்தால் 1858க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் ஆட்சி கம்பெனியிடமிருந்து மகாராணியின் கைக்குப் போனது. கிரீடத்தின் கீழ் 'வி.ஆர்.' என்றால் விக்டோரியா, 1901 வரை. 'இ.ஆர்.' என்றால் ஏழாம் எட்வர்டு, 1901 முதல் 1910 வரை. 'ஜி.ஆர்.' என்றால் ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ்களின் காலம். அசோகரின் சிங்கங்கள் இருந்தால் அது குடியரசு காலத்துப் பொருள். 'எஸ்.ஐ.ஆர்.' என்பது தென்னிந்திய ரயில்வே. அந்த ரயில்வே 1874இல் உருவானது, 1951இல் தெற்கு ரயில்வேயில் கலந்தது.

களக்காட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சங்கு முத்திரை இருந்தால் திருவிதாங்கூரை நினையுங்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் சீமை. 18ஆம் நூற்றாண்டில் களக்காட்டுக் கோட்டைக்காக அவர்களும் ஆற்காடு நவாபின் ஆட்களும் மோதியிருக்கிறார்கள். செங்கோட்டைகூட 1956 வரை அவர்களோடுதான் இருந்தது.

போலிகளும் ஏராளம். ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் கம்பெனிப் பெயரும் போட்ட காசுகளைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். அவை கம்பெனி புழங்கவிட்ட பணமே இல்லை. வில்லைகளையும் அப்படி வார்த்துப் பச்சை பூசி விற்கிறார்கள். வார் உரசிய தேய்மானம் பின்புறத்தில் இருக்கிறதா, எழுத்து உளியால் வெட்டியதா, அச்சில் வார்த்து மழுங்கியதா என்று பாருங்கள்.

இனி விலை. எடைக்குப் போட்டால் பழைய பித்தளை விலைதான். சேகரிப்பவர் விலை கொடுப்பது ஊர்ப் பெயருக்கும், கச்சேரிப் பெயருக்கும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வந்த எழுத்துக்கும். கேட்கிற விலையை நம்பாதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள்.

சட்டமும் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. தலையணை அணைக்கட்டுப் பக்கம், காப்பகக் காட்டுக்குள் கிடைத்தால் வனத்துறையிடமும் சொல்லுங்கள். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டுவது நல்லது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். கரூரில் அமராவதி ஆற்று மணலில் ஒரு சிறு வெள்ளிக்காசு கிடைத்தது. அதில் ஓர் அரசனின் தலை, மேலே தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயர். சங்ககாலச் சேரர் தம் பெயரிலேயே காசு அடித்தார்கள் என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று. அதே ஆற்றில் கிடைத்த எத்தனையோ காசுகள் பாத்திரக் கடை உலையில் உருகியிருக்கும். காசு கிடைத்த இடம் கரூர் என்று தெரிந்ததால்தான் அதற்கு அவ்வளவு கனம்.

உங்கள் வில்லைக்கும் அதே நியாயம்தான். எந்த ஊர்ப் பக்கம், எந்தப் படித்துறைக்கு எவ்வளவு தூரத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் இன்றைக்கே எழுதுங்கள். வில்லையை விற்றாலும், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாலும் அந்தச் சீட்டும் கூடவே போகட்டும்.